சிற்றுருக் கணினியும் அதன் மின்வழங்கியும்

உலகத்துப் பொருள்களுள் கண்ணுக்கு விளங்கித் தோன்றிப் புகழ் பெறுவன சில. மறைந்து நின்று பணி புரிவன பல. மாளிகையின் மாடத்தைப் புகழ்வோர் அதனைத் தாங்கும் கடைக்காலை நினைப்பதில்லை. விளக்கின் ஒளியை வியப்போர் எண்ணெயை எண்ணுவதில்லை. மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் பதின்மரைப் பற்றிய உவமையைச் சிறுபருவந்தொட்டு ஆலயத்தில் கேட்டு வருகின்றோம். விளக்குப் பதின்மர் கையிலும் இருந்தது. அறிவுடையார் ஐவரையும் அறிவிலார் ஐவரையும் பிரித்துக் காட்டியது விளக்கன்று, எண்ணெயே. இக்காலத்து வீடுகளில் பெரிதும் பழகப்படும் கணினிக்கும் இவ்வுவமை பொருந்தும் என்பது எம் கருத்து. கணினி வாங்கப் புகுவார் அதன் செயலி எத்தகையது, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று பலவற்றை உசாவுவர். அவை யாவற்றிற்கும் உயிரூட்டும் மின்வழங்கி எத்தகையது என்று உசாவுவார் மிகச் சிலரே.

மின்வழங்கி என்று யாம் குறித்த பொருளைக் கடைத்தெருவினர் எஸ்.எம்.பி.எஸ். என்றே வழங்குவர். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் அளவினதாய், நொடிக்கு 50 சுற்று அலையும் மின்சாரம். கணினியின் உறுப்புக்கள் வேண்டுவதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் சிற்றளவினதாய், ஒரே திசையில் அமைதியாய் ஓடும் மின்சாரம். ஏரி நீரை மதகு அளந்து வாய்க்காலுக்கு விடுவது போல, முன்னதைப் பின்னதாக்கித் தருவதே இப்பெட்டியின் தொழில். மதகு கெட்டால் பயிர் மூழ்கும், அன்றேல் காயும். மின்வழங்கி கெட்டாலோ, அதனோடு கணினியின் பிற உறுப்புக்களும் கெடுதல் கூடும்.

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் இத்தகைய பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வினவுவார்க்குக் காரணம் கூறுதல் எம் கடன். எம் இல்லம் புதுச்சேரி நகரில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தாழ்ந்த தெரு ஒன்றில் உள்ளது. எம் தமக்கையார் அவ்வில்லத்தின் முன்னறையில் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, திருமண அழைப்பிதழ், நினைவஞ்சலி அட்டை, ஆலயத் திருவிழா அறிக்கை, சிறு பாட்டுப் புத்தகம் ஆகியவற்றிற்கு எழுத்துக் கோத்துக் கொடுத்து வருகின்றார். எம் கல்லூரிக் கட்டணத்தின் பெரும்பகுதி அவ்வறையிலிருந்தே வருகின்றது. அச்சுத்தொழில் எம் ஊருக்குப் புதியதன்று. பிரெஞ்சு நாட்டு மறைப்பணியாளர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-ஆம் ஆண்டில் இந்நகரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அன்று ஈய எழுத்துக்களும் இரும்புப் பொறியும் கூடிச் செய்த வேலையில் ஒரு சிறு பங்கை இன்று தமக்கையாரின் கணினி செய்கின்றது.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது, மின்சாரம் நின்றது. எம் முன்னறையில் நீர் ஒரு சாண் அளவு ஏறிற்று. பாட்டியாரையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றுவதே அவ்விரவின் முதல் வேலையாயிற்று. இருவர் பிடித்துத் தூக்க வேண்டிய பழைய கணினி, மேசையின் அடியில் இருந்தபடியே நீரில் நின்றது. இக்காலத்துப் பெருங் கேபினெட்டுகள் பலவற்றில் மின்வழங்கி அடித்தட்டிலேயே அமைந்திருப்பதால், முதலில் மூழ்கியது அதுவே. மதர்போர்டும் தப்பவில்லை. மேற்றட்டில் இருந்த வன்தட்டுக்கள் இரண்டு மட்டும் தப்பின. பல்லாண்டு உழைப்பில் விளைந்த பக்கங்கள் அவற்றில் இருந்தமையால் தமக்கையார் கர்த்தரைத் துதித்தார்.

அதன்பின் சில திங்கள் இரவல் கணினி ஒன்றில் வேலை நடந்தது. புதியது வாங்கும் காலம் வந்தபோது தமக்கையார் விதித்த நிபந்தனை ஒன்றே. “தம்பி, அடுத்த முறை தண்ணீர் வந்தால், நான் ஒருத்தியாய் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும்” என்றார். மடிக்கணினி வாங்கிவிடலாமே என்று சிலர் கூறினர். நாள் முழுதும் சிற்றெழுத்தை நோக்கும் கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும். தப்பிய வன்தட்டுக்கள் இரண்டும் உள்ளே அமர இடம் வேண்டும். ஓர் உறுப்புக் கெட்டால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியும் வேண்டும். ஆதலின் யாம் சிற்றுருக் கணினியையே நாடினோம். தைவான் நாட்டு வியா நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் வகுத்த மினி ஐ.டி.எக்ஸ். என்னும் அளவின்படி, மதர்போர்டு 170 மில்லிமீட்டர் சதுரமே. ஒரு சாண் சதுரத்தினும் குறைந்தது. அதனைக் கொள்ளும் கேபினெட்டை ஒரு கையணைப்பில் எடுத்துச் செல்லலாம்.

சிறுமை வேண்டும் என்று துணிந்தபின், மின்வழங்கி ஒன்று தவிர ஏனைய உறுப்புக்களைத் தேர்வதில் பெருந்தொல்லை நேரவில்லை. நகரத்துக் கடை ஒன்றில், கேபினெட்டோடு ஒரு மின்வழங்கி இலவசமாகவே வருமென்றனர். அதன் மேலட்டையில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. தனியே விற்கும் நல்ல சிற்றுரு மின்வழங்கியும் 450 வாட் என்றே கூறிற்று. அதன் விலையோ ரூ. 7,000. தமக்கையார் சேர்த்து வைத்திருந்தது ரூ. 35,000. எண் ஒன்றாய் இருக்க, ஒன்று இலவசமாகவும் மற்றொன்று முதலில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குவதாகவும் இருந்தன. கண்ணுக்குத் தோன்றாத ஒரு பெட்டிக்கு அத்துணைப் பணம் கொடுத்தல் தகுமோ? இவ்வினாவிற்கு விடை காணும் பொறுப்பை வீட்டார் எம்மிடம் விட்டனர். தமக்கையாரின் பணமும் எம் கல்விச் செலவும் ஒரே பெட்டியைச் சார்ந்திருந்தமையால், யாம் தமிழ் நூல்களைச் சில நாள் மூடி வைத்து, இப்பொருளைப் படிக்கத் தொடங்கினோம்.

முதற்கண், இவ்வளவு சிறிய பெட்டிக்குள் இவ்வேலை நடைபெறுவது எங்ஙனம் என்று அறிய விரும்பினோம். பழைய வானொலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர் அதனுள் இருக்கும் இரும்பு மின்மாற்றியின் எடையை அறிவர். நொடிக்கு 50 சுற்று அலையும் மின்சாரத்தை நேரே சிற்றளவாக்குவதற்கு மிகுந்த இரும்பும் மிகுந்த செம்புக் கம்பியும் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். முறை வேறு. இதில் சுவர் மின்சாரம் முதலில் ஒரு திசைப்படுத்தப் பெறுகின்றது. அந்நிலையில் அதன் அளவு 300 வோல்ட்டையும் கடக்கும். பின்னர் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் கடத்த வேண்டிய அளவு சிறிதாதலின் மின்மாற்றியும் சிறிதாகின்றது. பெருங்குடத்தால் நடந்து நீர் சுமப்பானும், சிறு செம்பால் ஓடியோடி நீர் சுமப்பானும் ஒரே நேரத்தில் ஒரே தொட்டியை நிரப்புதல் கூடும் அன்றோ? 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள்-2 என்னும் கணினிக்கு ராட் ஹோல்ட் என்பார் இம்முறையிலேயே மின்வழங்கி அமைத்தார். அதனால் அப்பெட்டி விசிறியின்றியே இயங்கிற்று. ஆயினும் ஓடியோடிச் சுமப்பவன் களைப்படையாதவனாதல் வேண்டும். சிறு பெட்டியில் வெப்பம் தேங்குவதற்கு இடமில்லை. உறுப்புக்களில் மலிவுப் பொருளை மறைப்பதற்கும் இடமில்லை. சிறுமைக்கு விலை மிகுவதன் காரணம் இதுவே என்று உணர்ந்தோம்.

அடுத்து, உருவங்களை ஆராய்ந்தோம். பெருங் கணினிகளில் வழங்கும் மின்வழங்கி ஏ.டி.எக்ஸ். அளவினது. அது 150 மில்லிமீட்டர் அகலமும், 86 மில்லிமீட்டர் உயரமும், பெரும்பாலும் 140 மில்லிமீட்டர் நீளமும் உடையது, ஏறத்தாழ 1.8 லிட்டர் இடத்தை அடைக்கும். இன்டெல் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வகுத்து, பின்னர்ப் பலமுறை திருத்திய எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் அளவில் இன்று பெரிதும் வழங்குவது 125 மில்லிமீட்டர் அகலமும், 63.5 மில்லிமீட்டர் உயரமும், 100 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, 0.8 லிட்டரே அடைக்கும். அதனையே 130 மில்லிமீட்டருக்கு நீட்டி, அகன்ற விசிறி அமைத்தது எஸ்.எஃப்.எக்ஸ்.-எல். என்னும் வகை. ஃபிளெக்ஸ் ஏ.டி.எக்ஸ். என்பது இவற்றினும் ஒடுங்கியது. 40 மில்லிமீட்டர் விசிறியே அதில் அடங்குவதால், அது மிக விரைந்து சுழன்று வண்டுபோல் இரையும். மடிக்கணினிக்கு உள்ளது போல் வெளியே கிடக்கும் அடாப்டரும், உள்ளே சிறு பலகையும் கொண்ட முறையும் உண்டு. மிகச் சிறிய கணினிகளுக்கு அது நன்று, பழைய வன்தட்டு இரண்டைச் சுழற்றவேண்டிய எமக்கு ஏற்றதன்று. இரைச்சல், இடம், பின்னாளில் மாற்று வாங்கும் எளிமை ஆகிய மூன்றையும் சீர்தூக்கி, எஸ்.எஃப்.எக்ஸ். அளவே தக்கது என்று துணிந்தோம். பின்னொரு நாள் பெரிய கேபினெட்டுக்கு மாற நேர்ந்தாலும், சிறு இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தி இதனையே அங்கும் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை வாட் வேண்டும் என்பது மூன்றாம் வினா. திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மெல்லிய மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்று உணர்த்தியிருக்கின்றார். அப்பாட்டை வகுப்பில் பயின்றபோது அணியிலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டுமே கொண்டோம். இப்போது அதனைக் கணக்காகவே கொண்டோம். யாம் தேர்ந்த ஏ.எம்.டி. செயலி 65 வாட் வகையினது. அவ்வகை முழு வேகத்தில் 88 வாட் வரை உண்ணும். மதர்போர்டு, நினைவகம், விசிறி முதலியவற்றிற்கு 40 வாட் என்று தாராளமாகக் கொண்டோம். வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவு இழுக்கும். அஃதாவது 24 வாட். இரண்டுக்கு 48. ஆகக் கூட்டினால் 176 வாட். பிற்காலத்தில் சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்தினால், மதர்போர்டின் துளையிலிருந்து அது இழுக்கக்கூடிய உச்ச அளவு 75 வாட். அதனையும் சேர்த்தால் 251. ஆகவே 300 வாட் குறைந்த அளவு. 450 வாட் நிறைந்த அளவு. 750, 1000 என்று விளம்பரம் செய்யும் பெட்டிகள் எமக்கு வேண்டா. உறங்கும் குழந்தைக்கு ஊஞ்சல் போதும், தேர் வேண்டுவதில்லை.

இக்கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்கு மீண்டும் சென்றோம். “அண்ணே, இலவசமாக வரும் அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்க்கலாமா?” என்று கேட்டோம். கடைக்காரர் நகைத்து, “இத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன் தம்பி, அதை ஒருவரும் கேட்டதில்லை, பாருங்கள்” என்று எடுத்துத் தந்தார். முகப்பில் 450 என்று பேரெழுத்தில் இருந்தது. பக்கத்துப் பட்டியலிலோ, 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று சிற்றெழுத்தில் இருந்தது. பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். இக்காலத்துக் கணினி தன் உணவின் மிகப் பெரும்பகுதியை 12 வோல்ட்டிலேயே கொள்கின்றது. எம் கணக்கின் 176 வாட்டில் பெரும்பகுதி அவ்வொரு வரியின்மேல்தான் விழும். மிச்சம் என்று சொல்லத் தக்கதாக ஒன்றும் இராது. எஞ்சிய வாட்டுக்கள் யாம் பயன்கொள்ள இயலாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டப்பட்டிருந்தன. விலைக்கு விற்கும் பெட்டியை வாங்கிப் பார்த்தோம். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 37.5 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 450 வாட். இரண்டு பெட்டியும் முகப்பில் ஒரே எண்ணைக் கூறின. பக்கத்தில் ஒன்று தன் சொல்லைக் காத்தது, மற்றொன்று காக்கவில்லை. எம் ஐயத்தின் பாதி அவ்விடத்திலேயே நீங்கிற்று.

மறுபாதி, தங்கம் என்னும் சொல்லைப் பற்றியது. விலைப் பெட்டியின்மேல் 80 பிளஸ் கோல்டு என்னும் முத்திரை இருந்தது. இம்முத்திரை ஏற்பாடு 2004-ஆம் ஆண்டு முதல் வழங்குவது. சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எத்துணைப் பங்கு கணினிக்குப் போய்ச் சேர்கின்றது, எத்துணைப் பங்கு வெப்பமாய் வீணாகின்றது என்பதை இது காட்டும். 115 வோல்ட்டில் நடத்தும் சோதனையில், பாதிச் சுமையில் நூற்றுக்கு 85 பங்கு தருவது வெண்கலம். 90 பங்கு தருவது தங்கம். அதற்கு மேலும் பிளாட்டினம், டைட்டானியம் என்னும் படிகள் உண்டு. தங்க முத்திரை மின்கட்டணத்தால் தன் விலையை மீட்டுவிடும் என்று கூறுவாரும் உளர். யாம் கணக்கிட்டோம். தமக்கையாரின் கணினி வேலை நேரத்தில் சராசரி 60 வாட் கொள்வதாகவும், நாளுக்கு 8 மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், வெண்கலத்திற்கும் தங்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 வாட். ஆண்டு முழுதும் சேர்த்தால் 10 யூனிட்டினும் குறைவு. இச்சேமிப்பால் விலையை மீட்க ஒரு தலைமுறை வேண்டும். ஆகவே கட்டணத்தின் பொருட்டுத் தங்கத்தை நாடுதல் பேதைமை.

எனினும் வேறொரு காரணத்தால் அம்முத்திரை எமக்குப் பயன்பட்டது. வீணாகும் மின்சாரம் யாவும் பெட்டிக்குள் வெப்பமாய் நிற்பது. மின்வழங்கியுள் இருக்கும் மின்தேக்கிகள் நீர்மப் பொருள் அடங்கியவை. வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. சித்திரை வைகாசித் திங்களில் புதுச்சேரியின் வெயில் 40 பாகையை எட்டும் நாள்களும் உண்டு. குளிரூட்டும் பொறி இல்லாத அறையில், சிறு கேபினெட்டுக்குள், மின்வழங்கி எத்தகைய அனலில் உழைக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதலின், 105 பாகைக்கு உரிய மின்தேக்கிகள் உள்ளனவா என்பதையும், கூறப்பட்ட வாட் அளவு எத்தனைப் பாகை வெப்பத்தில் உறுதி செய்யப்பட்டது என்பதையும் பார்த்தோம். சில பெட்டிகள் 40 பாகைக்கும் சில 50 பாகைக்கும் உறுதி கூறுகின்றன. எம் ஊருக்கு 50-ஐக் கூறுவதே ஏற்றது.

மின்வெட்டைப் பற்றியும் எண்ண வேண்டியதாயிற்று. மின்சாரம் நின்றவுடன் யு.பி.எஸ். தன் மின்கலத்திலிருந்து வழங்கத் தொடங்குகின்றது. ஆனால் எளிய வகை யு.பி.எஸ். மாறிக்கொள்வதற்குச் சில மில்லி நொடிகள் செல்லும். அவ்விடைவெளியில் கணினி அணையாதபடி தாங்குவது மின்வழங்கியுள் தேங்கியிருக்கும் மின்சாரமே. முழுச் சுமையிலும் 16 மில்லி நொடி அளவு தாங்குதல் நன்மின்வழங்கிக்கு அழகு. நல்லது 16 தாங்க, யு.பி.எஸ். 10-க்குள் மாறிவிட்டால் குறையில்லை. மலிவுப் பெட்டி சிலவற்றில் மின்தேக்கியைச் சிறிதாக்கிப் பணம் மிச்சம் பிடிப்பதால், யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைகின்றது. பழி மட்டும் யு.பி.எஸ்.மேல் விழுகின்றது. சேமிக்காத பக்கம் ஒன்று இவ்வாறு மறைந்தால், இறந்தார் பெயரும் நாளும் மீண்டும் கோக்க வேண்டும். நினைவஞ்சலி அட்டைக்குக் காத்திருக்கும் வீட்டாரிடம் நாளை வாருங்கள் என்று கூற இயலுமோ?

இந்நிலையில் பிரான்சு தேசத்தில் வாழும் எம் சிறிய தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றிற்கு அந்நாட்டில் உறவினர் உண்டு என்பதை யாவரும் அறிவர். “அங்கே எதற்கு வாங்குகிறீர்கள்? விடுமுறைக்கு வரும்போது இங்கிருந்து நானே கொண்டுவருகிறேன்” என்றார். அன்பினால் கூறிய சொல்லாதலின் உடனே மறுக்க மனம் வரவில்லை, ஆராய்ந்தோம். இரு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 சுற்றே. ஆகவே பெட்டி இங்கும் ஓடும். பிரெஞ்சு நாட்டுச் செருகி இரண்டு உருண்டைக் கால்களை உடையது. நிலத்தொடர்புக்கு உரிய முள் அங்கே சுவர்ப் பக்கத்தில் இருப்பதால், அச்செருகியை இங்குள்ள துளையில் எவ்வாறேனும் நுழைத்துவிட்டாலும் எர்த் இணைப்புக் கிடைப்பதில்லை. எர்த் இல்லாத கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உணரப்படும். ஆயினும் கம்பியை மட்டும் மாற்றி மும்முனைச் செருகி உள்ளதை இடலாம். ஆதலின் அது பெருந்தடையன்று. பெருந்தடை வேறு. நல்ல மின்வழங்கிக்கு 5, 7, 10 ஆண்டு என்று உத்தரவாதம் தருகின்றனர். அயல்நாட்டில் வாங்கிய பெட்டிக்கு அவ்வுத்தரவாதத்தை இங்கே கேட்டுப் பெறுதல் அரிது. விலையின் ஒரு பங்கை நாம் கொடுப்பது அவ்வுறுதிக்காகவே அன்றோ? “சித்தப்பா, இங்கே வாங்கினால் கெட்டபோது இங்கேயே மாற்றிக்கொள்ளலாம், அக்காவுக்கு ஒரு வாரம் வேலை நின்றால்கூடத் துன்பம்” என்று யாம் கூற, அவரும் ஒப்புக்கொண்டு, நினைவகத்தின் விலையைத் தாம் தருவதாகக் கூறினார்.

இவற்றையெல்லாம் தமக்கையாரிடம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் எம் தாளை நோக்கியிருந்தார். பின், “பக்கத்தில் கண்ணாடி வைத்த கேபினெட் வேண்டாம், வெறும் இரும்புப் பெட்டி போதும். வண்ண விளக்கும் வேண்டாம். திரை பழையதே இருக்கட்டும். அந்தப் பணத்தை இதற்குப் போட்டுக்கொள்” என்றார். முன்னறைக்கு வருவோர் காணும்படி அழகிய பெட்டி ஒன்று வைக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம் என்பதை யாம் அறிவோம். அவ்விருப்பத்தை அவர் ஒரு சொல்லில் விட்டது எமக்கு நெஞ்சை உருக்கிற்று. அழகு வேண்டாதவர் அதனை விடுவது எளிது; வேண்டியவர், தேவை அறிந்து விடுவதே அரிது.

வாங்கிய பெட்டியை யாமே பொருத்தினோம். அப்போது கண்ட சிலவற்றை, இவ்வேலையில் இறங்கும் நண்பர்களுக்குக் கூறுகின்றோம். சிறு கேபினெட்டில் மின்வழங்கியினும் அதன் கம்பிகளே மிகுந்த இடத்தை அடைக்கும். ஆதலின் வேண்டாத கம்பியைக் கழற்றி வைக்கத்தக்க வகையே நன்று. கழற்றிய கம்பிகளை அப்பெட்டியோடே காத்தல் வேண்டும். வேறு மின்வழங்கியின் கம்பி துளையில் பொருந்துவது போல் தோன்றினும் செருகலாகாது. பெட்டிப் பக்கத்து முள் வரிசை எல்லா வகைக்கும் ஒன்றன்று. மாறினால் வன்தட்டு எரிந்துபோகும். விசிறி காற்றை இழுக்கும் பக்கம் கேபினெட்டின் துளைப் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்து அதனை மூச்சடைக்கச் செய்தல் கூடாது. சுமை குறைந்தபோது விசிறி சுழலாது நிற்பது சிலவற்றின் இயல்பு. கெட்டதென்று அஞ்ச வேண்டா. எம் ஊர்க் கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அவற்றோடு தூசியும் சேர்ந்து படிந்தால் உலோகம் அரிக்கும். ஆதலின் திங்கள்தோறும் துளைகளைத் தூய்மை செய்தல் வேண்டும். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் பற்றியும் திறக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர்க்கு இடர் செய்யும் மின்சாரம் நிற்கக்கூடும்.

முழுதும் பொருத்தியபின் தமக்கையார் அப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்தார். இடையில் நில்லாது ஏறினார். பாட்டியார் கீழே நின்றுகொண்டு, “இப்போதுதான் இது நம் வீட்டுப் பொருள் ஆயிற்று” என்றார். அன்று மாலையே ஒரு திருமண அழைப்பிதழ் அதில் கோக்கப்பட்டது. இடையிடையே மின்சாரம் போய் வந்த நாள்களிலும் அது ஒருமுறையேனும் இடையில் அணைந்ததில்லை.

மாணவ நண்பர்களே, இக்காலத்தில் நம்மிற் பலர் கணினி வாங்குவதற்குப் பெற்றோரின் அரிய பணத்தை எடுத்துச் செல்கின்றோம். கடையில் நம்மை எதிர்கொள்வன பெரிய எண்களும் வண்ண விளக்குகளும் ஆகும். சிறு பொருள் வேண்டுவோர் சிறு விலையே போதும் என்று எண்ணுவது இயல்பு. யாம் கண்டது அதற்கு மாறானது. இடம் எவ்வளவு சுருங்குகின்றதோ அவ்வளவிற்கு ஒவ்வோர் உறுப்பும் உண்மையுடையதாதல் வேண்டும். பெரிய வீட்டில் ஒரு பொய் ஒளிந்து வாழலாம், சிறு வீட்டில் வாழாது. மின்வழங்கியைத் தேர்பவர் தம் கேபினெட்டில் எவ்வுருவம் அமையும் என்று அளந்து, தம் உறுப்புக்களின் பசியைக் கூட்டிப் பார்த்து, பக்கத்துப் பட்டியலில் 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கி, தம் ஊர் வெயிலையும் உத்தரவாதத்தையும் எண்ணித் துணிவாராக. இதற்கு வேண்டுவது ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் அரைமணி நேரமுமே. முகப்பின் பேரெழுத்தை எல்லாரும் வாசிக்கின்றனர். பக்கத்தின் சிற்றெழுத்தை வாசிப்பவர் வீட்டில் விளக்கு அணைவதில்லை.